முப்பத்தேழு டிகிரி பீர்

நான் பீர் காய்ச்சத் தொடங்கியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அதுவரை பீரை வாயில் வைத்ததே கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் குடிக்காதவர்கள் என்றில்லை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வாரக் கடைசியில் குடித்துவிட்டு வந்து, யாரோடும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்கு அந்த வாடை பிடிக்காமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர். யாங்கோன் நகரத்தின் ஓரத்தில், லைங் தாயாவில் ஒரு குடிதண்ணீர் ஆலையில் பதினாலு வருடம் தண்ணீர் சோதித்தேன். இரும்பு, உப்பு, குளோரின், புது பிளாஸ்டிக்கின் வாசனை என்று எது கலந்திருந்தாலும் கருவி சொல்வதற்கு முன் என் நாக்கு சொல்லிவிடும். அந்த ஆலையை மூடினார்கள். கார்மென்ட் ஆலைகளில் என் வயதுப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், டவுனில், கியாக்டடாவில் சின்னதாக பீர் காய்ச்சும் இடம் ஒன்று இருக்கிறது, தண்ணீரைப் பற்றித் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள் என்றார்.

பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளம் அது. முன்பு காகிதக் கிடங்காக இருந்ததாம். முன்னால் பத்து மேசை, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் நான்கு எஃகு டாங்கிகள். முதலாளி ஒரு பர்மியப் பெண்மணி, என்னைவிட மூன்று வயது மூத்தவர், முன்பு டீக்கடை நடத்தியவர். முதல் நாளே, "என்னை அமான்னு கூப்பிடு" என்றார். பர்மியில் அமா என்றால் அக்கா. அவர் என்னைத் தங்கச்சி என்றார்.

பீர் காய்ச்சியவர் ஒரு வெளிநாட்டுக்காரர். அவருடைய ஊர் மலைமேல் இருக்கும் ஒரு கல்லூரி நகரம். அங்கே கல்லூரியில் சேர்ந்து, படிப்பை விட்டுவிட்டு பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டதாகச் சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்குக் கைத்துணையாக ஒரு ஊலே இருந்தார். மாமா முறை வைத்து எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். ஐம்பது வயதைத் தாண்டியவர். கொதிகலன், குழாய், வால்வு எல்லாம் அவர் கையில். நான் தண்ணீரைச் சோதிப்பேன், டாங்கிகளைக் கழுவுவேன். பீரில் முக்கால்வாசி வேலை கழுவுவதுதான் என்று போன பிறகுதான் தெரிந்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது.

ஒரு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு நாட்டில் ஆட்சி மாறி, ஊர் நிலைமை கெட்டது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் கிளம்பினார்கள். பீர்க்காரரும் ஒரே வாரத்தில் பெட்டியைக் கட்டினார். தன் குறிப்பு நோட்டை மேசைமேல் வைத்து, என் கையையும் ஊலே கையையும் மாறி மாறிப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் அமா எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"இனிமே நீ பாரு."

ஊலே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். "நான் மூணு வருஷமா அவர்கூடக் காய்ச்சுறேன். இவ தண்ணி பாக்க வந்தவ."

"உனக்குக் கை தெரியும்," என்றார் அமா. "இவளுக்கு அளவு தெரியும். நோட்டு முழுக்க அளவுதான் இருக்கு."

ஊலே எழுந்து கொதிகலன் பக்கம் போனார். அன்றிலிருந்து நான் ஏதாவது கேட்டால் பதிலை அமாவிடம்தான் சொல்வார், நான் பக்கத்திலேயே நின்றாலும்.

அன்று ஒவ்வொரு டாங்கியிலிருந்தும் ஒரு சின்ன போத்தல் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். டவுனில் உள்ள பழைய அலுவலகக் கட்டடங்கள் பாதியில் அவர் ஏறி இறங்காத லிஃப்ட் இல்லை. நான் நான்கு டம்ளர்களை வரிசையாக வைத்து, தண்ணீர் சோதிப்பதுபோல ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, தொட்டியில் துப்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏங், குடிக்கவே தெரியாதவகிட்டப் போயி பீரு காய்ச்சச் சொல்லியிருக்காங்களே."

"குடிக்கத் தெரியாட்டி என்னாங்க? ருசி தெரியுமில்ல."

"சரி, துப்புறதை இங்கிட்டுத் துப்பு," என்று தன் டம்ளரை நீட்டினார்.

முதலில் கசப்பு மட்டும்தான் தெரிந்தது. மூன்றாவது நாள் அந்தக் கசப்புக்குள் வறுத்த தானியத்தின் வாசனையும், பச்சைப் புல்லும், எலுமிச்சைத் தோலும் தனித்தனியாக வர ஆரம்பித்தன. இனி என்னால் முடியும் என்று நினைத்தேன்.

நினைத்தபடி நடக்கவில்லை. நோட்டில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் செய்தேன். ஆனால் அந்த நோட்டு மின்சாரம் இருக்கும் ஊருக்காக எழுதப்பட்டது. பீரை நொதிக்கவைக்க நாங்கள் பயன்படுத்திய ஈஸ்டுக்குப் பதினெட்டு, இருபது டிகிரிதான் ஒத்துக்கொள்ளும். குளிர் இயந்திரம் ஓடினால்தான் டாங்கி அந்தச் சூட்டில் நிற்கும். இப்போது மின்சாரமோ நான்கு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் போகும். சில நாள் சொல்லிக்கொள்ளாமலே போகும். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியதும் உண்டு. டாங்கிக்குள் சூடு முப்பதைத் தாண்டியதும் ஈஸ்ட் வெறிபிடித்ததுபோல் வேலை செய்யும். முடிவில் கிடைத்த பீரில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தது.

அந்த முதல் பீரை நானே வால்வைத் திறந்து சாக்கடையில் விட்டேன். தெரு முழுக்க நாற்றம். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், "கொசு மருந்தா காய்ச்சுறீங்க?" என்று கத்தினார்கள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை வாடை கொஞ்சம் குறைவு, அதற்குப் பதில் புளித்துப்போயிருந்தது. ஊலே ஒவ்வொரு முறையும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

"மீ போனா எனக்கு வேலை வருது, உனக்கு வேலை போகுது," என்றார் என் கணவர். மின்சாரத்தை எங்கள் வீட்டில் பர்மியில் மீ என்றுதான் சொல்வோம். அந்த மாதம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதே அவருக்கு முழுநேர வேலையாக இருந்தது. வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த வாரம் அமா, திங்யானுக்கு முன்னால் டாங்கிகளை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். மண்டலேயில் சோயா பால் எடுப்பவர் ஒருவர் கேட்டிருக்கிறாராம். "உன் மேல தப்பில்ல தங்கச்சி," என்றார். திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு அப்போது ஆறு வாரம் இருந்தது.

டாங்கிகள் போகப் போகின்றனவே என்று இடத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தேன். அலமாரியில் பழைய லேபிள்களுக்கு நடுவே பீர்க்காரர் விட்டுப்போன ஒரு சிறு புத்தகம் கிடந்தது. அவருடைய மலை ஊரில் எங்கெங்கே பீர் காய்ச்சுகிறார்கள் என்று, வரும் மாணவர்களுக்கும் சுற்றுலாக்காரர்களுக்கும் வழி சொல்லும் கையேடு. தூக்கிப்போட மனமில்லாமல் பையில் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் அதை, போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கமாகப் படித்தேன். பதினாலு இடங்கள். ஒன்று பழைய சலவைக்கூடத்தில், ஒன்று புத்தகக் கடையின் மாடிப்படிக்குக் கீழே. எந்த ஏற்றத்தில் ஏற வேண்டும், எங்கே நாயைக் கூட்டிப்போகலாம், பரீட்சை வாரத்தில் எந்தக் கடையில் இடம் கிடைக்காது என்பதுவரை போட்டிருந்தது. பீர்க்காரர் அங்கங்கே பென்சிலால் கோடு இழுத்திருந்தார். ஒரே ஊரில் பதினாலு பேர் நிம்மதியாகக் காய்ச்சுகிறார்கள் என்று படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

பதின்மூன்றாவது இடத்துக்கு நான்கு வரிதான் ஒதுக்கியிருந்தார்கள். மலைச்சரிவில் ஒரு கொட்டகை, கணவனும் மனைவியும் மட்டும் நடத்துவது. டாங்கிக்குக் குளிர் இயந்திரமே கிடையாது. நார்வே நாட்டுப் பண்ணைவீடுகளில் காலங்காலமாக வைத்திருந்த ஒரு ஈஸ்டைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு நல்ல சூடு வேண்டும். அதனால் குளிர்காலத்தில் டாங்கியைக் கம்பளியால் சுற்றிவைக்கிறார்கள்.

அதை மூன்று முறை படித்தேன். அகராதி தப்பாகச் சொல்கிறதோ என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். நிமிர்ந்தபோது நான் இறங்கவேண்டிய நிறுத்தம் நான்கு நிறுத்தத்துக்குப் பின்னால் போயிருந்தது. வெயிலில் திரும்பி நடந்தேன். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. இந்தச் சூட்டுக்காகவா அங்கே கம்பளி போர்த்துகிறார்கள் என்று நினைத்து நடுரோட்டில் சிரித்துவிட்டேன்.

அந்தக் கொட்டகையின் மின்னஞ்சல் முகவரியைத் தேடிப்பிடித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு கடிதம் அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. எழுதியவர் அந்த மனைவி. ஒரே ஒரு கேள்வி: உங்கள் அறையில் எவ்வளவு சூடு?

மின்சாரம் இல்லாதபோது முப்பத்தாறு, சில நாள் முப்பத்தெட்டு என்று எழுதினேன்.

அப்படியானால் உங்கள் ஊரே ஒரு நல்ல டாங்கி, ஈஸ்டை உலர்த்தி அனுப்புகிறேன் என்று பதில் போட்டார்.

நேரே தபாலில் வந்து சேரும் என்று நம்ப முடியாது. என் கணவரின் சித்தப்பா மகன் கப்பலில் வேலை பார்க்கிறார். சிங்கப்பூருக்கு அனுப்பச் சொன்னோம்; அவர் அங்கே இறங்கும்போது வாங்கிவைத்துக்கொண்டு, யாங்கோனுக்கு அடுத்த பயணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு அட்டைக்கு நடுவே மடித்த வெண்ணெய்க் காகிதம். அதில் பழுப்பு நிறத்தில் பொருக்கு. காய்ந்துபோன தோசைமாவு பாத்திர ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அதைப் போல.

அமாவிடம் காட்டினேன். காகிதத்தை மோந்து பார்த்தார். "திங்யானுக்குப் பத்து நாள்தான் இருக்கு."

"அஞ்சு நாள் போதும் அமா. சின்ன டாங்கியை மட்டும் குடுங்க."

ஊலே கொதிகலன் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "எத்தனை டிகிரியில ஊற வைக்கப் போறாளாம்?"

"முப்பத்தேழு," என்றேன்.

"அது பீரு இல்ல. பன்றிக்கு வைக்கிற ஊறல்." இதைச் சொல்ல மட்டும் என்னை நேராகப் பார்த்தார்.

அமா இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு, "சின்ன டாங்கி," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

காகிதத்தில் இருந்த பொருக்கில் பாதியைக் கிள்ளி, முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்டைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் போட்டு, ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, எங்கள் அடுப்படி மேடையில் வைத்தேன். மத்தியானம் சாப்பிட வந்த கணவர் குனிந்து பார்த்தார்.

"என்னாது, இட்லி மாவா?"

"தொடாதீங்க. உசுரு வருதான்னு பாக்கணும்."

நான்கு மணி நேரத்தில் ஜாடிக்குள் நுரை கட்டி மேலேறியது. மூடியிருந்த துணி உப்பியது. அடுப்படி முழுவதும் ஆரஞ்சுப் பழம் உரித்த மாதிரி வாசம். அவர் அந்த வாசத்தை இழுத்துவிட்டு என் தலையில் கைவைத்து அழுத்திவிட்டு வேலைக்குப் போனார்.

காய்ச்சிய நாள் எனக்கு இன்னும் மணிக்கணக்காக ஞாபகம் இருக்கிறது. மால்டைக் கைமில்லில் அரைத்தோம். கேஸ் அடுப்பில் கொதிக்கவைத்தோம். ஒன்பது மணிக்கு மின்சாரம் போயிற்று. வழக்கமாக அந்த நேரத்தில் எல்லார் கையும் நின்றுவிடும், ஒருவரை ஒருவர் பார்ப்போம். அன்று நான் கிளறுவதை நிறுத்தவே இல்லை. கொதித்ததை ஆறவைக்க மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் தானாக இறங்கி வந்தது. இருபது டிகிரிவரை இறக்க வேண்டியதில்லை, முப்பத்தேழு போதும் என்பதால் அந்தத் தண்ணீரே போதுமானதாக இருந்தது. டாங்கியில் ஊற்றி, ஜாடியைக் கவிழ்த்து, மூடியை இறுக்கினேன்.

இரண்டாம் நாள் முப்பத்தொன்பது ஆயிற்று. ஆனாலும் டாங்கியைத் தொடவில்லை. வெளியேறும் குழாயை வாளித் தண்ணீரில் விட்டிருந்தோம். அது சோறு கொதிப்பதுபோல் படபடவென்று கொப்பளித்தது. மூன்றாம் நாள் கொப்பளிப்பு அடங்கியது. ஐந்தாம் நாள் காலை, மூன்று டம்ளரில் பிடித்தேன்.

நிறம் நல்லெண்ணெய் மாதிரி இருந்தது. வாடை இல்லை. வாயில் வைத்தேன். ஆரஞ்சுத் தோல், பிறகு ரொட்டி, பிறகு சுத்தமான ஒரு கசப்பு. நகப்பூச்சும் இல்லை, புளிப்பும் இல்லை. அமா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

ஊலே டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். மறுபடியும் குடித்தார். முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். சுவரில் மாட்டியிருந்த ரப்பர் குழாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"சயாமா, அடுத்து எந்த டாங்கியைக் கழுவணும்?"

டீச்சரை, டாக்டரை, தொழில் தெரிந்த பெண்ணை இங்கே சயாமா என்பார்கள். பதினாலு வருடம் ஆலையில் இருந்தும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நாலையும்," என்றேன். அமா போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் மண்டலேக்காரரிடம் பேசினார். டாங்கிகள் விற்பனைக்கு இல்லை.

மற்றவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாயின. நுரைக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடைக்கவில்லை. பீப்பாயில் கொஞ்சம் பனைவெல்லப் பாகு ஊற்றி அடைத்து மூன்று நாள் வைத்தால் பீர் தானே நுரைக்கும் என்று ஊலேதான் யோசனை சொன்னார். சில்லென்று ஊற்றித்தர என் கணவர் எஃகுக் குழாயைச் சுருள்சுருளாக வளைத்து ஐஸ் பெட்டிக்குள் பொருத்தினார். பீர் அந்தச் சுருளில் ஓடி வருவதற்குள் குளிர்ந்துவிடும். ஐஸ் கட்டி மட்டும் தினமும் வந்தால் போதும்.

திங்யானுக்கு ஊர் முழுக்க மின்சாரம் இல்லாமல் வெந்துகொண்டிருந்தபோது எங்கள் பத்து மேசையும் நிரம்பி, ஆட்கள் நடைபாதையில் நின்று குடித்தார்கள். டீக்கடையிலிருந்து கத்தியவர்கள்கூட வந்தார்கள். பீருக்குப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். மின்வெட்டை பர்மியில் மீபியெ என்பார்கள். "ரெண்டு மீபியெ குடு!" என்று கேட்க ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

இதைக் கேள்விப்பட்டு ஆற்றோரத்தில் பீர் காய்ச்சும் ஒருவர் வந்தார். அவருடைய டாங்கிகளும் நான்கு மாதமாகக் காலி. கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்: அந்த ஈஸ்டில் கொஞ்சம் கிடைக்குமா?

அவரை உட்காரவைத்துவிட்டு அமா என்னை உள்ளே இழுத்துப் போனார். "குடுத்துட்டா அப்புறம் நம்மகிட்ட என்ன இருக்கு?"

"அந்த மலையில இருக்கற அம்மாவும் இப்படி நெனச்சிருந்தா, இன்னைக்கு நம்ம டாங்கியில சோயா பால் ஓடியிருக்கும் அமா."

அமா நகத்தைக் கடித்தார். "சரி, காகிதம் வெட்டு," என்றார்.

அந்தக் கோடையில் மூன்று பேருக்கு வெண்ணெய்க் காகிதத்தில் உலர்த்திக் கொடுத்தேன். ஒரே ஈஸ்ட்தான், ஆனால் யாங்கோனில் இன்று சுற்றிவந்தால் நான்கு இடத்திலும் நான்கு ருசி கிடைக்கும். ஆற்றோரத்துக்காரர் வறுத்த அரிசி சேர்க்கிறார்; அவருடைய பீரில் அடிப்பிடித்த சோற்றின் நல்ல வாசம் இருக்கும், சாயங்காலம் வறுத்த மீனோடு குடிக்க வேண்டும். ஏரிப் பக்கம் இரண்டு சகோதரிகள் இஞ்சியும் எலுமிச்சைப்புல்லும் போடுகிறார்கள். மத்தியான வெயிலுக்கு அதுதான் சரி. ஊருக்கு வெளியே மாவ்பியில் பழத்தோட்டம் வைத்திருப்பவர் பம்பளிமாஸ் தோலைப் போடுகிறார். போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், போகலாம், தப்பில்லை. எங்களுடையதில் ஒன்றும் சேர்ப்பதில்லை. நல்ல தண்ணீர் மட்டும்.

அடுத்த வருடம் மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு இடத்துக்காரர்களும் சேர்ந்து ஆற்றோரத் தோட்டத்தில் மேசை போட்டோம். நூறு பேர் வந்தால் பெரிது என்று நினைத்தோம். பதினோரு மணிக்கே வாசலில் வரிசை. வழக்கம்போல மின்சாரம் இல்லை. ஒரு மின்விசிறி ஓடவில்லை, ஒரு பாட்டுப்பெட்டி இல்லை. யாரோ கிதார் கொண்டுவந்திருந்தார். என் கணவரின் ஐஸ் பெட்டிகள் நான்கும் வரிசையாக நின்று குளிரக் குளிர ஊற்றிக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, தன் லிஃப்ட்களைப் பற்றிப் பேசுவதுபோலவே அவற்றைப் பற்றி எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் கோயில் தெருவிலிருந்து தமிழ்ப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். சகோதரிகளின் மேசையில் இஞ்சி சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். ஒருத்தி கிட்டே வந்தாள்.

"இம்புட்டும் நீயாக்கா செஞ்சே?"

"நான் காய்ச்சுனேன். அந்தப் பெட்டி எங்க வீட்டுக்காரரு."

அவள் திரும்பி மற்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "நம்ம பொண்ணுதான்டீ!"

ஊலே பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு, முப்பத்தேழு டிகிரியில் பீர் காய்ச்சுவது எப்படி என்று கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். முதல் நாளிலிருந்தே தனக்கு நம்பிக்கை இருந்ததாகவும் சொன்னார். நானும் அமாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டோம்.

மூன்று மணிக்குத் திடீரென்று விளக்குகள் எரிந்தன. மின்விசிறிகள் சுற்றின, பக்கத்துக் கடையில் டிவி அலறியது. வழக்கமாக இந்த ஊரில் மின்சாரம் வந்தால் தெருவே கைதட்டும். அன்று கூட்டம் மொத்தமும் "ஏஏய்!" என்று கத்தி, கையை வீசி, அணைக்கச் சொன்னது. அமா புடவைத் தலைப்பைச் செருகுவதுபோல லுங்கியை இறுக்கிச் செருகிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி நடந்து போய், தூணில் இருந்த மெயின் ஸ்விட்சைத் தன் கையாலேயே கீழே இழுத்தார். எழுந்த ஆரவாரம் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

கடைசிப் பீப்பாய் என் காலடியில் இருந்தது. நான் குழாயைத் திறந்தேன்.